கோழிகளுக்கும் சேர்த்து ஒரு விரதம்

மீன் சட்டியும் கரண்டியுமாகக் கொல்லையில் நின்ற என் பொன்னு அப்பாவுக்கு,

உங்கள் கோழிகள் ஐந்தும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் கேட்டது அதைத்தான். "கோழிக்கு வச்சியா மக்ளே?" என்றீர்கள். "வச்சாச்சு, நீங்க பேசாம படுங்க" என்றேன். அன்று வைக்கவில்லை அப்பா. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதில் மறந்தே போயிருந்தேன். உங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு பொய்யாகப் போய்விட்டது.

எட்டு மாதம் ஆகிறது. வலியசாலைக்குப் பின்னால் நம் சந்தில் மழை வந்தால் இப்போதும் ஆட்டோ உள்ளே வராது. அம்மா காலையில் இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டுகிறாள். நான் பார்க்காத மாதிரி ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களை நான் திட்டியது நாலு பேருக்கு முன்னால்தான்.

ஆரியசாலையில் பிண்ணாக்குக் கடையில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டைகளுக்கு நடுவில் நின்றவர் நீங்கள். கடையை விட்டு நின்ற மறுவாரமே ஐந்து கோழிகளோடு வந்து இறங்கினீர்கள். அதில் பெரிய சிவப்புக் கோழி மற்ற நாலையும் விரட்டிக்கொண்டே இருந்ததால் அதற்கு மானேஜர் என்று பெயர் வைத்தீர்கள். கடைசிக் குட்டிக்குக் கொச்சு. கொச்சு உங்கள் கால்மேல் ஏறி நின்றுதான் இரை தின்னும். மற்ற மூன்றுக்கும் நீங்கள் வைத்த பெயர்கள் வாரத்துக்கு வாரம் மாறும், கடைக்கு வந்த யாராவது ஒரு வாடிக்கையாளரின் பெயராக இருக்கும்.

காலையில் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் வெந்நீரில் பிசைந்து வைப்பீர்கள். பதினொரு மணிக்குப் பிலோமினா அக்கா மீன் கூடையோடு வருவாள். மற்ற வீடுகளுக்கு விற்றதுபோக அடியில் நசுங்கிக் கிடக்கிற சாளை மீன் பத்துப் பன்னிரண்டும் கொஞ்சம் தலையும் உங்களுக்கு என்று ஒதுக்கியிருப்பாள். அதை மூன்று செங்கல் அடுப்பில், கறுத்துப்போன மண்சட்டியில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வேகவைப்பீர்கள். கோழிக்கு எதற்கு இந்த உபசாரம் என்று நான் கேட்டதற்கு, "தவிட்டை மட்டும் தின்னு எவனுக்காவது உடம்புல பிடிக்குமா?" என்றீர்கள். அந்தப் பதிலை நான் அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு உங்கள் கிட்னி இரண்டும் பழுது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை நான்தான் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். உப்பு வேண்டாம், பருப்பு குறைக்க வேண்டும், வாழைப்பழம் வேண்டாம், மீன், முட்டை, இறைச்சி வேண்டவே வேண்டாம். வீட்டில் ஐந்து கோழி இருந்தும் முட்டையெல்லாம் அடுத்த வீடுகளுக்குப் போயின. அம்மாவும் நானும் உங்களுக்கு முன்னால் எப்படித் தின்பது என்று மீனை விட்டுவிட்டோம். சட்டியில் மீன் வெந்ததெல்லாம் கோழிக்குத்தான். அதை வேகவைத்துக்கொண்டிருந்தது நீங்கள்.

எனக்கு நீங்கள் வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். பொருத்தமான பெயர்தான். உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒருதரம் பக்கோடாப் பொட்டலம் எடுத்தேன். இன்னொருதரம் வேட்டி மடிப்பில் ஊறுகாய் பாக்கெட். இரண்டுதரம் கையும் களவுமாகப் பிடித்தபிறகு மூன்றாவதாக நீங்கள் சொன்ன எதையும் நான் நம்பவில்லை. ஆபீஸ் இல்லாத நாட்களில் பிலோமினா அக்கா எத்தனை சாளை போட்டாள் என்று கேட்டுவைத்துக்கொண்டு, வெந்தபிறகு வந்து சட்டியை எண்ணுவேன். ஒரு மனுஷி அப்பாவின் கண்ணெதிரில் மீன் எண்ணுகிறாள். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? பதினொன்று போட்டதாகப் பிலோமினா அக்கா சொன்னாள். சட்டியில் பத்துதான் இருந்தது. அவள் இன்னும் கூடையைத் தலைக்கு ஏற்றவில்லை, அடுத்த வீட்டு மாமி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், சந்தில் இன்னும் இரண்டுபேர் நின்றிருந்தார்கள்.

"ஒண்ணு எங்கே?" என்றேன்.

"மானேஜர் கொத்திக்கிட்டு ஓடிப்போச்சு மக்ளே."

"கொதிக்கிற சட்டியில தலைய விட்டா? கோழி மேல பழி போடுகேளே, நாணமில்லயா உங்களுக்கு?"

என் பக்கம் திரும்பி வாயை ஆவென்று திறந்து காட்டினீர்கள். எழுபது வயது மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, நாக்கைத் தூக்கி அடியிலும் காட்டினீர்கள். அடுத்த வீட்டு மாமி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் அப்பா. பிலோமினா அக்கா மட்டும் சிரிக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

டயாலிஸிஸ் தொடங்கி இரண்டாவது மாதமோ என்னவோ, ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். "மக்ளே, அங்க டயட் பாக்குற பிள்ளை சொல்லிச்சு. டயாலிஸிஸ் தொடங்கினா இனி கொஞ்சம் மீனு தின்னணுமாம். ரத்தத்தோட சத்தும் போகுமாம்." நான் என்ன சொன்னேன்? "எந்தப் பிள்ளை? பிலோமினாவா?" என்றேன். அம்மாவுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு உப்பில்லாத கூட்டைப் பிசைந்து சாப்பிட்டு எழுந்துபோனீர்கள். அதற்குப்பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை.

ஏன் எடுக்கவில்லை? ஒருதரம் சத்தம் போட்டிருக்கக் கூடாதா? கடையில் மூட்டை ஏற்றுகிறவர்களை அதட்டிய அந்தக் குரல் என்னிடம் மட்டும் எங்கே போனது?

நீங்கள் போன பதினாறாம் நாள் படையல் போட்டோம். உங்கள் இலைக்கு நான்தான் பரிமாறினேன். எல்லாம் வைத்து முடித்தபிறகுதான் அம்மா கவனித்தாள், உங்கள் இலையில் மட்டும் உப்பில்லாத கூட்டை வைத்திருக்கிறேன். கைப்பழக்கம். கண்ணாடி போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அன்று அழுததுபோல் நான் எப்போதும் அழுததில்லை.

பதினாறோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. வருஷத் திவசம் வரை இந்த வீட்டில் மீன் வாடையே வரக்கூடாது என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. உங்களுக்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்போல் இருந்தது, வேறு எதை விடுவது? மறுநாள் பதினொரு மணிக்குப் பிலோமினா அக்கா வந்தபோது கேட்டிலேயே நிறுத்தி, "ஒரு வருஷத்துக்கு வரண்டாம்" என்றேன்.

"கோழிக்கு?" என்று கேட்டாள்.

"அதுகளும் இந்த வீட்டுக் கோழிதானே" என்றேன்.

"அப்பன் போனாரு, செரி. கோழி என்ன பாவம் செஞ்சுது மோளே?" என்று சொல்லிக்கொண்டே போனாள். வியாபாரம் போன கோபத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

கோழிகளுக்குப் பழைய சோறு வைத்தேன். மிஞ்சிய இட்லி வைத்தேன். பிண்ணாக்கு தீர்ந்துபோனது. ஆரியசாலைக்குப் போய் அந்தக் கடை வாசலில் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை, ரேஷன் அரிசியையே அள்ளிப் போட்டேன். வயிறு நிறையத்தான் போட்டேன் அப்பா. பட்டினி போடவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் கோழிகளுக்கு இறகு குறையத் தொடங்கியது. முதலில் வாலடியில். பிறகு முதுகில். கொச்சுவுக்குத்தான் அதிகம், முதுகு முழுக்கச் சிவந்து, கடையில் தோலுரித்துத் தொங்கவிட்ட கோழி உயிரோடு நடக்கிற மாதிரி இருந்தது. முட்டையும் நின்றுபோனது. அடுத்த வீட்டு மாமி மதில்மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "அவருக்காகத்தான் துக்கம் கொண்டாடறதுகள், பாவம். தானே பிடுங்கிக்கறதுகள் பாரேன்" என்றாள். அம்மா கொல்லைப் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? உங்களுக்காக இறகைப் பிடுங்கி எறிகிற ஜீவன் ஐந்து இருக்கிறது. ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். யார் யாரோ அழுகிற பொம்மை போட்டுப் பதில் அனுப்பினார்கள். கொச்சுவின் முதுகு புண்ணாகிக்கொண்டிருந்தது, நான் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். மானேஜர் மெதுவாகக் கொச்சுவின் பின்னால் வந்தது. ஒரே இழுப்பில் ஓர் இறகைப் பிடுங்கியது. கொச்சு கத்திக்கொண்டு ஓடியது. மானேஜர் அந்த இறகைக் கீழே போடவில்லை. அலகில் திருப்பித் திருப்பி, தண்டை முன்னால் கொண்டுவந்து, விழுங்கியது. பிறகு அடுத்ததற்குப் போனது. துக்கம் கொண்டாடுகிறவர்கள் பிடுங்கியதைத் தின்பார்களா?

கொச்சுவைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மிருகாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, மலையாளி. இறகை விலக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே தீனியைத்தான். சொன்னேன். சோறும் அரிசியும் மட்டும்தானா என்று மறுபடி கேட்டாள்.

"முன்னே மீன் கொடுக்காறுண்டோ?"

"உண்டு. அப்பா கொடுப்பார். இப்போ விரதம்."

அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சேச்சி, இதுக்குப் பசியாணு. வயிற்றுப் பசி அல்ல, சத்துப் பசி. சோறு தின்னு வயிறு நிறையும், இறகு வளர ஒண்ணும் கிட்டாது. அப்போ கண்ணு முன்னாடி இருக்கிற இறகைத் தின்னும். ரத்தம் கண்டால் பின்னே விடாது, கொத்திக் கொத்திக் கொல்லும்." முட்டைக்கோழித் தீவனம் வாங்கச் சொன்னாள், கடலைப் பிண்ணாக்குச் சேர்க்கச் சொன்னாள், முடிந்தால் மீன். கொச்சுவைத் தனியாக அடைக்க வேண்டும், கீரைக்கட்டைக் கயிற்றில் தொங்கவிட்டால் மற்றவை அதைக் கொத்திக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வயிறு நிறைந்தும் பசி என்ற அந்த ஒரு பேச்சைத் தாண்டி என் காதில் எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து கொச்சுவைக் கூடைக்குள் அடைத்துவிட்டு உங்கள் ஆஸ்பத்திரி பைலை எடுத்தேன். ஆபீசில் ஊரார் விண்ணப்பத்தையெல்லாம் கடைசிப் பக்கம் வரை படித்துப் பிழை கண்டுபிடிக்கிறவள் நான். உங்கள் பைலில் நான் பார்த்ததெல்லாம் ரத்தப் பரிசோதனை நம்பர்கள் மட்டும். பின்பக்க உறையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளின் அதே எழுத்து, அதே முத்திரை. மேலே, டயாலிஸிஸ் தொடங்கியபின் உணவு என்று மலையாளத்தில் போட்டிருந்தது. உப்புக்கும் பழத்துக்கும் பழைய கட்டுப்பாடுதான். ஆறாவது வரியில், தினமும் ஒரு துண்டு மீன் அல்லது இரண்டு முட்டையின் வெள்ளை, தவறாமல்.

அந்த வரிக்குக் கீழே நீலக் கோடு. மூட்டையில் குறி போடுகிற உங்கள் நீலப் பென்சில். ஒருதரம் போட்டு, போதாதென்று அதன்மேல் இன்னொருதரம் அழுத்திப் போட்டிருந்தீர்கள்.

எழுத்துக் கூட்டித்தானே மலையாளம் படிப்பீர்கள், எவ்வளவு நேரம் பிடித்ததோ? எனக்காகத்தானே கோடு போட்டீர்கள்? பைலைத் திறந்தால் கண்ணில் படும் என்றுதானே உள்ளே வைத்தீர்கள்? கேட்டு வாங்கித் தின்ன வெட்கப்பட்டுக்கொண்டு, நான் பார்ப்பேன் என்று ஐந்து மாதம் காத்திருந்திருக்கிறீர்கள். நடுவே எத்தனை நாள் நான் சட்டியை எண்ண வந்தேன் அப்பா?

அந்த டயட் பிள்ளையைத் தேடிப்போய்க் கேட்டேன். உங்களை அவளுக்கு நினைவிருந்தது. "நெஞ்சுக்குத்தானே வந்தது, மீன் தின்னாதது காரணம் ஒண்ணும் அல்ல சேச்சி" என்று சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அவர் நல்லா மெலிஞ்சிருந்தார் இல்லே?" என்றாள். ஆமாம். சட்டை தோளில் நிற்காமல் நழுவும். நோய் அப்படித்தான் என்று நினைத்து நான் இரண்டு சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை. தாளைப் படித்துக் காட்டினேன். அம்மா கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "சட்டியில கிண்டிக்கிட்டு நிப்பாவ. அடுக்களை சன்னல் வழியா எனக்குக் கேக்கும், எச்சி முழுங்குற சத்தம். நான் சிரிச்சேன்லா அண்ணைக்கு" என்றாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அம்மாவே சந்து முனைக்குப் போய் நின்றாள். பிலோமினா அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். "நாம திங்காண்டாம். அதுக திங்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, உங்கள் மண்சட்டியைத் தானே கழுவிக் கொண்டுவந்து வைத்தாள். பிலோமினா அக்கா கூடையை இறக்கிச் சாளையை அள்ளிப் போட்டாள்.

அடுப்பை நான் மூட்டினேன். ஆவி முகத்தில் அடித்தது. மாதக்கணக்காய் மீன் தின்னாத வாய். எச்சில் ஊறியது, விழுங்கினேன், அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. நீங்கள் தினம்தினம் இங்கேதான் நின்றீர்கள். பத்து நிமிஷம் நிற்க முடியாமல் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன்.

அப்போதுதான் மானேஜர் பாய்ந்து வந்தது. சட்டியின் விளிம்பில் தாவி, ஆவி பறக்கிற சட்டிக்குள் தலையை விட்டு, ஒரு முழுச் சாளையைக் கவ்விக்கொண்டு வாழைமரத்துக்குப் பின்னால் ஓடியது. நான் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிலோமினா அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள். "அப்பன் அண்ணு சொன்னது நேருதான் மோளே" என்றாள். அந்தச் சனிக்கிழமை காணாமல்போன மீன் எங்கே போயிற்று என்று எனக்கு அப்போது தெரிந்தது. நீங்கள் தின்றிருக்கக் கூடாதா அப்பா? பொய்யே சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது தினமும் மீன் வேகிறது. பிண்ணாக்குக்கு உங்கள் கடைக்கே போகிறேன். உங்கள் பெயரைச் சொன்னதும் மூட்டையின் அடியில் தூளாகாத நல்ல கட்டியாகப் பார்த்து எடுத்துத் தருகிறார்கள். கீரைக்கட்டு கொய்யாக் கிளையில் தொங்குகிறது. கொச்சுவின் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன், ஒரு மாதம் அடுக்களை மூலையில் கூடைக்குள் இருந்தது. அதன் முதுகில் முதலில் ஊசி ஊசியாக நீலக் குருத்து வந்தது. பிறகு குருத்து விரிந்து இறகானது. போன வாரம் மற்றவற்றோடு விட்டேன், மானேஜர் ஒருதரம் விரட்டியதோடு சரி. நேற்று அது என் கால்மேல் ஏறி நின்று தின்றது. கோழிக்கு ஆறேழு வாரத்தில் எல்லாம் மூடிவிட்டது அப்பா. அந்தச் சட்டையின் தோளில் நான் பிடித்துப் போட்ட தையலைப் பிரிக்கலாம் என்று எடுத்தேன். யாருக்காகப் பிரிப்பது என்று மறுபடி மடித்து வைத்துவிட்டேன்.

இன்னும் நாலு மாதத்தில் உங்கள் வருஷத் திவசம். அம்மாவிடம் பேசிவிட்டேன். உங்கள் இலையில் சாளை வைக்கப்போகிறேன், கோழிச் சட்டியில் வேகவைத்ததல்ல, புளியும் மிளகாயும் அரைத்து, உப்புப் போட்டு, தேங்காயெண்ணெயில் பொரித்தது. பிலோமினா அக்கா கூடையின் மேல்பக்கத்திலிருந்து எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இலையை வைத்துவிட்டு நான் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவேன். நீங்கள் நிதானமாகச் சாப்பிடுங்கள். சத்தியமாக, திரும்பி வந்து எண்ணிப் பார்க்கமாட்டேன்.

இன்ஸ்பெக்டர் வேலையை விட்டுவிட்ட
உங்கள் மகள்
கோமதி